உந்தம்: ஒரு வரிச் சூத்திரத்தின் இரண்டாயிரம் ஆண்டுக் கதை

உந்தம் என்றால் என்ன என்று எந்த மாணவரைக் கேட்டாலும் உடனே பதில் வந்துவிடும். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். அலகு கிலோகிராம் மீட்டர்/நொடி. தேர்வில் இரண்டு மதிப்பெண். அவ்வளவுதான்!

ஆனால் இந்த ஒரு வரியைச் சரியாக எழுதி முடிக்க மனிதர்களுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. வழியில் தவறியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. அரிஸ்டாட்டில் தவறினார். ஆய கணிதத்தைத் தந்த டேக்கார்ட் தவறினார். அவர்கள் எங்கே தவறினார்கள் என்று தெரிந்துகொண்டால், சூத்திரத்தில் ஏன் 'வேகம்' என்று இல்லாமல் 'திசைவேகம்' என்று இருக்கிறது என்பதும் புரிந்துவிடும். மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்காது.

எறிந்த கல்லை யார் தள்ளுகிறார்கள்?

கி.மு. 4-ம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இயக்கத்தைப் பற்றி ஒரு விதி சொன்னார். ஒரு பொருள் தன் இயல்புக்கு மாறாக நகர வேண்டுமானால் அதை வேறு ஏதோ ஒன்று தொடர்ந்து தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மாடு இழுப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது அல்லவா?

ஆனால் கல்லை எறிந்து பாருங்கள். கையை விட்டுப் போன பிறகும் கல் போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது அதைத் தள்ளுவது யார்? அரிஸ்டாட்டில் சொன்ன பதில்: காற்று. கை கல்லை மட்டும் அசைக்கவில்லை, அதைச் சுற்றியுள்ள காற்றையும் அசைக்கிறது. அந்தக் காற்று கல்லைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றார்.

இந்தப் பதிலை நேருக்கு நேராக எதிர்த்தவர் கி.பி. 6-ம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஜான் பிலோபோனஸ். காற்றுதான் தள்ளுகிறது என்றால் கல்லைக் கையால் தொடவே வேண்டாமே என்று கேட்டார் அவர். கல்லை ஒரு கம்பின் முனையில் வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் எத்தனை கருவிகளைக் கொண்டு வேண்டுமானாலும் காற்றை அசைத்துப் பாருங்கள். கல் ஒரு முழம்கூடப் போகாது. எனவே எறிபவர் காற்றுக்கு எதையும் கொடுக்கவில்லை, கல்லுக்கே ஏதோ ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார் என்றார் பிலோபோனஸ்.

அந்த "ஏதோ ஒன்று" என்ன? இந்தக் கேள்விதான் உந்தத்தின் கதைக்கு ஆரம்பம்.

பூரிடனின் கப்பல்

பிலோபோனஸின் எண்ணம் அரபு மொழியில் எழுதிய அறிஞர்களிடம் வளர்ந்தது. இப்னு சீனா (980 – 1037), தடை எதுவும் இல்லாவிட்டால் அப்படிக் கொடுக்கப்பட்ட உந்துதல் தீர்ந்துபோகாது என்று கருதினார். 14-ம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பூரிடன் இதை இன்னும் தெளிவாக்கினார்.

காற்று தள்ளவில்லை என்பதற்கு அவர் காட்டிய உதாரணங்கள் எளிமையானவை. பம்பரம் ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது. அதற்குப் பின்னால் காற்று எங்கே வந்து தள்ளும்? ஈட்டியின் பின்முனையையும் கூர்மையாகச் செதுக்கி எறிந்தால் காற்று தள்ளுவதற்கு அகலமான பரப்பே இல்லை. ஆனாலும் ஈட்டி முன்பு போலவே போகிறது. ஆற்றில் வேகமாக இழுத்துச் செல்லப்படும் கப்பலை இழுப்பதை நிறுத்திவிட்டால் அது உடனே நிற்பதில்லை. அந்த நேரத்தில் மேல்தளத்தில் நிற்பவர் முதுகில் காற்று தள்ளுவதை உணர்கிறாரா? இல்லை. முகத்தில் எதிர்க்காற்றைத்தான் உணர்கிறார்!

எறியப்பட்ட பொருளுக்குள் இருக்கும் அந்த உந்துதலைப் பூரிடன் 'இம்பீட்டஸ்' என்று அழைத்தார். அது எவ்வளவு இருக்கும் என்பதற்கும் விடை சொன்னார். பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறதோ, அது எவ்வளவு வேகமாக எறியப்படுகிறதோ, அந்த அளவுக்கு இம்பீட்டஸ் இருக்கும். இறகை விட இரும்புத் துண்டைத் தூரமாக எறிய முடிவது இதனால்தான்.

சரக்கின் அளவு, வேகம் – இரண்டும் வந்துவிட்டன. அப்படியானால் பூரிடனே உந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டாரா? இல்லை. இம்பீட்டஸ் என்பது பொருளுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டு போகும் ஒரு காரணம். அதாவது பொருள் ஓட ஏதோ ஒன்று தள்ள வேண்டும் என்ற அரிஸ்டாட்டிலின் எண்ணம் இன்னும் போகவில்லை. தள்ளுபவர் வெளியிலிருந்து உள்ளே வந்துவிட்டார், அவ்வளவுதான். இன்றைய உந்தம் இயக்கத்துக்குக் காரணம் அல்ல. அது இயக்கத்தின் அளவு. இன்றைக்கும் பல மாணவர்கள் "பந்துக்குள் இருக்கும் விசை தீர்ந்ததால் பந்து நின்றுவிட்டது" என்று எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுவது நியூட்டனின் இயற்பியல் அல்ல, பூரிடனின் இயற்பியல்!

டேக்கார்ட்டின் கணக்கு

17-ம் நூற்றாண்டுக்கு வருவோம். கலிலியோவும் மற்றவர்களும் ஒரு புதிய எண்ணத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பொருள் தொடர்ந்து ஓடுவதற்குக் காரணமே தேவையில்லை. நிற்பதற்குத்தான் காரணம் தேவை. இதை நேர்கோட்டு இயக்கத்துக்குத் திட்டவட்டமாக எழுதியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு அறிஞர் ரெனே டேக்கார்ட் (1596 – 1650).

1644-ல் வெளிவந்த 'தத்துவத்தின் கோட்பாடுகள்' என்ற நூலில் டேக்கார்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். உலகத்தில் உள்ள மொத்த இயக்கத்தின் அளவு எப்போதும் மாறாது என்றார். கடவுள் உலகைப் படைத்தபோது அதில் குறிப்பிட்ட அளவு இயக்கத்தை வைத்தார். கடவுள் மாறாதவர். ஆகவே அந்த அளவும் மாறாது. இதுதான் அவருடைய வாதம். அந்த அளவை எப்படிக் கணக்கிடுவது? பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கி, எல்லாப் பொருள்களுக்கும் கூட்ட வேண்டும்.

"ஏதோ ஒன்று அழிவதில்லை" என்ற எண்ணம் மிகப் பெரிய எண்ணம். ஆனால் டேக்கார்ட்டின் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. அவர் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். திசையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டார். வலது பக்கம் போனாலும் இடது பக்கம் போனாலும் அவருக்கு ஒன்றுதான்.

அதன் விளைவு என்ன என்பதை அவரே தந்த மோதல் விதிகளில் பார்க்கலாம். மொத்தம் ஏழு விதிகள். ஆறாவது விதி இது: ஒரே அளவுள்ள இரண்டு பொருள்கள். ஒன்று நிற்கிறது. மற்றது 4 என்ற வேகத்தில் வந்து மோதுகிறது. மோதிய பின் நின்ற பொருள் 1 என்ற வேகத்தில் முன்னால் போகும், மோதிய பொருள் 3 என்ற வேகத்தில் பின்னால் திரும்பும். 1 + 3 = 4. கணக்கு சரியாக வருகிறது!

கோலி விளையாடிய எந்தச் சிறுவனுக்கும் இது தவறு என்று தெரியும். சுண்டிவிட்ட கோலி நிற்கும் கோலியில் நேராகப் பட்டால், அடித்த கோலி கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும். அடிபட்ட கோலி அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு ஓடும்.

நான்காவது விதி இன்னும் மோசம். நிற்கும் பொருள் மோதும் பொருளை விடச் சற்றே பெரியதாக இருந்தால்கூட, எவ்வளவு வேகமாக மோதினாலும் அது அசையவே அசையாது என்றார் டேக்கார்ட். அனுபவத்துக்குப் பொருந்தவில்லையே என்று கேட்பவர்களுக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. தம் விதிகள் சுற்றிலும் வேறு எதுவும் இல்லாத, முழுக் கடினமான பொருள்களுக்குச் சொல்லப்பட்டவை, நடைமுறையில் எல்லாப் பொருள்களையும் காற்றோ நீரோ சூழ்ந்திருப்பதால் அப்படித் தெரியவில்லை என்றார்.

டேக்கார்ட் அப்போது ஐரோப்பாவில் பெரும் புகழ் பெற்றவர். அவரைத் திருத்துவது யார்?

படகில் நின்ற மனிதர்

திருத்தியவர் டேக்கார்ட்டின் நண்பருடைய மகன். நெதர்லாந்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டைன் ஹைகென்ஸ் டேக்கார்ட்டுக்கு நெருங்கியவர். அவருடைய மகன் கிறிஸ்டியான் ஹைகென்ஸ் (1629 – 1695) டேக்கார்ட்டின் நூல்களைப் படித்தே வளர்ந்தவர். 1652-ல், 23 வயதில், மோதல் விதிகள் ஏறக்குறைய எல்லாமே தவறு என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய ஆசிரியர் வான் ஸ்கூட்டனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் டேக்கார்ட்டைப் பின்பற்றியவர். இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று மாணவரைத் தடுக்கப் பார்த்தார். ஹைகென்ஸ் கேட்கவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட வழி மிக அழகானது. ஒரே அளவுள்ள இரண்டு கடினமான பந்துகள் சம வேகத்தில் எதிரெதிராக வந்து மோதினால், இரண்டும் அதே வேகத்தில் திரும்பிப் போகும். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். இப்போது இந்தச் சோதனையை ஒரு படகில் வைத்துச் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். படகு கால்வாயில் கரையை ஒட்டி மெதுவாகப் போகிறது. படகில் இருப்பவர் இரண்டு பந்துகளையும் 2 என்ற வேகத்தில் எதிரெதிராக மோதவிடுகிறார். படகின் வேகமும் 2.

கரையில் நிற்பவர் என்ன பார்ப்பார்? படகு போகும் திசையில் வரும் பந்து அவருக்கு 2 + 2 = 4 என்ற வேகத்தில் தெரியும். எதிர்த்திசையில் வரும் பந்தின் வேகம் 2 – 2 = 0. அதாவது அது நிற்பதாகத் தெரியும். மோதிய பின்? படகில் இருப்பவருக்கு இரண்டும் 2 என்ற வேகத்தில் திரும்புகின்றன. கரையில் இருப்பவருக்கோ, 4-ல் வந்த பந்து நின்றுவிட்டது, நின்ற பந்து 4-ல் ஓடுகிறது!

இது டேக்கார்ட்டின் ஆறாவது விதிக்கு நேர் எதிரானது. ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை. ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து பார்த்தாலும் இயற்கையின் விதி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தை வைத்து ஹைகென்ஸ் இதைச் சாதித்தார். சுமார் 250 ஆண்டுகளுக்குப் பிறகு 1905-ல் ஐன்ஸ்டைன் தன் சார்பியல் கோட்பாட்டை இதே எண்ணத்தின் மேல்தான் கட்டினார்.

ஹைகென்ஸ் 1656 வாக்கில் இவற்றை ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டார். ஆனால் அச்சிடவில்லை. அந்த நூல் வெளிவந்தது 1703-ல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து.

1668: லண்டனில் ஒரு போட்டி

1668-ல் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் பிரச்சனையை ஒரு வழியாகத் தீர்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தது. அதன் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் மூன்று பேரிடம் விதிகளைக் கேட்டார். ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் நவம்பரில் கொடுத்தார். கட்டடக் கலைஞராகப் புகழ்பெற்ற கிறிஸ்டோபர் ரென் டிசம்பரில் கொடுத்தார். ஹைகென்ஸின் கடிதம் 1669 ஜனவரித் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது.

வாலிஸ் எடுத்துக்கொண்டது ஈரக் களிமண் உருண்டைகளைப் போல மோதியதும் ஒட்டிக்கொள்ளும் பொருள்களை. சம நிறையுள்ள இரண்டு களிமண் உருண்டைகள் சம வேகத்தில் எதிரெதிராக மோதினால் என்ன ஆகும்? இரண்டும் அப்படியே நின்றுவிடும். டேக்கார்ட்டின் கணக்குப்படி மோதலுக்கு முன் 4 + 4 = 8. பின்னால் 0. எட்டும் எங்கே போனது? கடவுள் வைத்த அளவு அழிந்துவிட்டதா?

திசையைச் சேர்த்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை. வலப்பக்கம் போவதை + என்றும் இடப்பக்கம் போவதை – என்றும் வைத்துக்கொண்டால், முன்னால் 4 – 4 = 0. பின்னாலும் 0. எதுவும் அழியவில்லை!

ரென்னும் ஹைகென்ஸும் எடுத்துக்கொண்டது மோதியதும் தெறிக்கும் கடினமான பொருள்களை. இருவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்திருந்தார்கள். டேக்கார்ட் சொன்ன அளவு மோதலில் கூடலாம், குறையலாம், ஆனால் எதிர்த்திசையில் உள்ளதைக் கழித்துக்கொண்டால் மிஞ்சும் அளவு மாறாது என்று ஹைகென்ஸ் வெளிப்படையாக எழுதினார். இன்று நாம் படிக்கும் உந்த அழிவின்மை விதி இதுதான்.

ஆனால் ஒரு வருத்தமும் நடந்தது. ராயல் சொசைட்டியின் இதழில் 1669 ஜனவரியில் வாலிஸ், ரென் இருவருடைய கட்டுரைகள் மட்டும் வந்தன. ஹைகென்ஸுடையது வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கையில் வைத்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் மார்ச் மாதம் தம் விதிகளைப் பாரிஸ் நகரத்து இதழ் ஒன்றில் வெளியிட்டுவிட்டார். அதன் பிறகு ஏப்ரலில் ஓல்டன்பர்க் தம் இதழிலும் அச்சிட்டு, நடந்ததை விளக்கினார். கண்டுபிடித்ததை உரிய நேரத்தில் வெளியிடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம்.

நியூட்டனின் பத்து அடி ஊசல்கள்

ஐசக் நியூட்டன் 1687-ல் தம் 'பிரின்சிபியா' நூலை வெளியிட்டார். அதில் இரண்டாவது வரையறையே இயக்கத்தின் அளவைப் பற்றியதுதான். பொருளின் அளவு, திசைவேகம் இரண்டும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன என்றார். டேக்கார்ட் சொன்ன 'பருமன்' போய், 'நிறை' என்ற தெளிவான கருத்து வந்துவிட்டது. ஒரு படி அளவு பஞ்சும் ஒரு படி அளவு இரும்பும் பருமனில் ஒன்று, நிறையில் வேறு அல்லவா?

நியூட்டனின் இரண்டாம் விதியை "விசை = நிறை × முடுக்கம்" என்றுதான் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் எழுதியது அப்படி அல்ல. இயக்கத்தின் அளவில் ஏற்படும் மாற்றம், செலுத்தப்பட்ட விசைக்கு ஏற்ப, அந்த விசையின் திசையிலேயே இருக்கும் என்றுதான் எழுதினார். அதாவது இரண்டாம் விதி பிறந்ததே உந்தத்தின் மொழியில்தான். மூன்றாம் விதியைச் சேர்த்துக்கொண்டால் அழிவின்மை விதி தானாக வந்துவிடும். ஒன்று மற்றொன்றை எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு அது திருப்பித் தள்ளுகிறது. ஒன்றுக்குக் கூடும் உந்தம் மற்றொன்றில் குறைகிறது. மொத்தம் மாறாது.

நியூட்டன் இதைச் சோதித்தும் பார்த்தார். பத்து அடி நீள ஊசல்களில் பந்துகளைத் தொங்கவிட்டு மோதவிட்டார். காற்றின் தடைக்கும் கணக்குப் போட்டுத் திருத்திக்கொண்டார். இறுகச் சுற்றிய கம்பளிப் பந்துகள் ஏறக்குறைய 9 என்ற வேகத்தில் நெருங்கினால் 5 என்ற வேகத்தில் விலகின. கண்ணாடிப் பந்துகளுக்கு 16-க்கு 15. எஃகுப் பந்துகள் கிட்டத்தட்ட வந்த வேகத்திலேயே விலகின. தெறிக்கும் வேகம் பொருளுக்குப் பொருள் மாறியது. ஆனால் திசையோடு கூட்டிய இயக்கத்தின் அளவு மட்டும் எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது. இதே இடத்தில் வாலிஸ், ரென், ஹைகென்ஸ் மூவரையும் பெயர் சொல்லிப் பாராட்டினார் நியூட்டன்.

மேசை மீது வைக்கும் ஐந்து எஃகுப் பந்துகள் கொண்ட 'நியூட்டன் தொட்டில்' பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த ஊசல் சோதனைகளின் வாரிசு. பொம்மையாக அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் நியூட்டன் அல்ல, 1967-ல் சைமன் பிரெப்பிள் என்ற ஆங்கில நடிகர்.

உந்தமா, ஆற்றலா?

பிரின்சிபியாவுக்கு ஓராண்டு முன்பே இன்னொரு சண்டை தொடங்கியிருந்தது. 1686-ல் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ், டேக்கார்ட்டின் அளவு இயற்கையில் காக்கப்படும் அளவே அல்ல என்று எழுதினார். அவருடைய கணக்கு இது: 1 ராத்தல் பொருளை 4 முழம் தூக்குவதும், 4 ராத்தல் பொருளை 1 முழம் தூக்குவதும் ஒரே உழைப்புத்தான். இரண்டையும் கீழே விட்டால், கலிலியோவின் விதிப்படி, தரையைத் தொடும்போது முதல் பொருளின் வேகம் 2 என்றால் இரண்டாவதன் வேகம் 1. நிறை × வேகம் பார்த்தால் 2-ம் 4-ம் வருகிறது. சமமாக இல்லை. நிறை × வேகத்தின் வர்க்கம் பார்த்தால் இரண்டுக்கும் 4! ஆகவே இதுதான் உண்மையான அளவு என்றார். அதற்கு 'உயிருள்ள விசை' என்று பெயரும் வைத்தார்.

ஐரோப்பா இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 1722-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிராவெசாண்ட் பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்கானது. லைப்னிட்ஸ் பக்கம் வலுத்தது. பிரான்சில் எமிலி டு சாத்லே என்ற பெண் அறிஞர் 1740-ல் வெளியிட்ட தம் இயற்பியல் நூலில் லைப்னிட்ஸின் அளவுக்காக வாதாடினார். எதிர்த்து எழுதிய பிரெஞ்சு அறிவியல் கழகச் செயலாளர் மைரானுக்கு நேரடியாகப் பதிலும் கொடுத்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த காலம் அது! பிரின்சிபியாவை முழுவதும் பிரெஞ்சில் மொழிபெயர்த்ததும் இவர்தான். 1749-ல் பிரசவத்துக்குப் பின் சில நாட்களில் இறந்துபோனார். மொழிபெயர்ப்பு 1759-ல் முழுமையாக வெளிவந்தது.

கடைசியில் வென்றது யார்? இரண்டு பேரும்தான். 1743-ல் தாலம்பேர் இதை வெறும் சொற்சண்டை என்றார். ஒரு விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்று பார்த்தால் கிடைப்பது உந்த மாற்றம். எவ்வளவு தூரம் செயல்பட்டது என்று பார்த்தால் கிடைப்பது ஆற்றல் மாற்றம். இரண்டும் வேறு வேறு அளவுகள், இரண்டும் தேவை. களிமண் உருண்டைகள் மோதி நிற்கும்போது இயக்க ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. உந்தத்துக்கு அப்படி வேறு வடிவமாக மாறி ஒளிந்துகொள்ள வழியில்லை.

கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுப்பது ஏன் என்ற புத்தகக் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பந்தின் உந்தம் எப்படியும் சுழியாக வேண்டும். நேரத்தை நீட்டினால் விசை குறையும். கை பிழைக்கும்!

பத்திரிகை கேட்ட மன்னிப்பு

இவ்வளவு தெளிவான பிறகும் உந்தத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது நிற்கவில்லை. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கோடார்ட், ராக்கெட் காற்றில்லாத இடத்திலும் வேலை செய்யும் என்று சொல்லி வந்தார். வெற்றிடக் குழாய்க்குள் சோதனையும் செய்து பார்த்திருந்தார். 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் தலையங்கத்தில் அவரைக் கேலி செய்தது. வெற்றிடத்தில் உதைத்துக்கொள்ள ஒன்றும் இல்லையே, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடம்கூட இவருக்குத் தெரியவில்லையே என்பது அதன் சாரம்.

உண்மையில் பாடம் தெரியாதது பத்திரிகைக்குத்தான். ராக்கெட் காற்றை உதைத்துப் போவதில்லை. படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போகிறது. அது காற்றை உதைத்ததாலா? வாயு பின்னோக்கிய உந்தத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மொத்தம் மாறாமல் இருக்க ராக்கெட்டுக்கு அதே அளவு முன்னோக்கிய உந்தம் கிடைக்கிறது. காற்று இருந்தால் தடைதான்.

கேலிக்குப் பிறகு கோடார்ட் பத்திரிகைகளை விட்டு ஒதுங்கியே வேலை செய்தார். 1926 மார்ச் 16 அன்று மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார். 1945-ல் காலமானார். அப்போலோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்தப் பத்திரிகை தன் பழைய தலையங்கத்துக்கு வருத்தம் தெரிவித்தது. கேட்க கோடார்ட் இல்லை.

உந்தம் ஏன் அழிவதில்லை?

கடவுள் மாறாதவர் என்பது டேக்கார்ட் சொன்ன காரணம். 1918-ல் ஜெர்மன் கணித அறிஞர் எமி நோதர் கணிதத்தின் வழியாக ஒரு காரணம் தந்தார். இயற்கை விதிகள் வெளியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கின்றன. இங்கே செய்த சோதனையைப் பத்து அடி தள்ளிச் செய்தாலும் விடை மாறாது. அப்படி இருந்தால் உந்தம் அழியாமல் இருந்தே தீர வேண்டும் என்று அவருடைய தேற்றம் காட்டியது. இத்தனைக்கும் அவர் பெண் என்பதால் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தம் பெயரில் பாடம் நடத்த 1919 வரை அனுமதி கிடைக்கவில்லை.

ஒரு விண்கல்லும் டேக்கார்ட்டின் தவறும்

கடைசியாக ஒரு மோதல். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது வேண்டுமென்றே மோதவிடப்பட்டது. சிறுகோளின் குறுக்களவு சுமார் 160 மீட்டர். விண்கலத்தின் நிறை சுமார் 580 கிலோ, வேகம் நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர். பூமியை நோக்கி ஒரு நாள் ஏதாவது சிறுகோள் வந்தால் அதைத் தள்ளிவிட முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். டைமார்ஃபஸால் பூமிக்கு ஆபத்து எதுவும் இருந்ததில்லை. அது டிடிமாஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்றி வருவது.

மோதலுக்கு முன் ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் ஆனது. மோதிய பின் அது 33 நிமிடம் குறைந்தது. வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் நொடிக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் விண்கலம் கொண்டுவந்த உந்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்வளவு மாற்றம் வந்திருக்கவே கூடாது. சிறுகோளுக்குக் கிடைத்த உந்தம் அதைப் போல சுமார் 3.6 மடங்கு என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

மீதி எங்கிருந்து வந்தது? மோதலில் கற்களும் தூசியும் பின்னோக்கித் தெறித்துப் பறந்தன. டேக்கார்ட்டிடம் கேட்டிருந்தால், தெறித்தவை தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டதால் சிறுகோளுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று சொல்லியிருப்பார். 4-ல் 3 போனால் 1. ஹைகென்ஸ் அப்படிக் கணக்கிட மாட்டார். பின்னால் போனது –3. மொத்தம் +4 ஆக இருக்க வேண்டுமானால் சிறுகோளுக்குக் கிடைத்தது +7!

ஒரு கழித்தல் குறி. அதை விட்டதால் டேக்கார்ட்டின் விதிகள் விழுந்தன. அதைச் சேர்த்ததால் இன்று ஒரு சிறுகோளையே நகர்த்த முடிந்திருக்கிறது. தமிழில் 'உந்து' என்றால் தள்ளு. பேருந்தில் இருப்பதும் அதே உந்துதான், உந்தத்தில் இருப்பதும் அதே உந்துதான். எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் தள்ளியதற்கு அர்த்தம். அடுத்த முறை தேர்வில் 'நிறை × திசைவேகம்' என்று எழுதும்போது, 'திசை' என்ற இரண்டு எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு எழுத்துகளுக்குத்தான் அத்தனை பாடு.